பெரியவளான பெண்ணுக்குப் பச்சை முட்டை கொடுக்கலாமா? நாட்டுக்கோழி முட்டையிலும் சால்மோனெல்லா கிருமி இருக்குமா?

கொங்குத் தாய்மாமன்:

வணக்கம். தங்கை மகள் போன வாரம் பெரியவளாகிவிட்டாள், பன்னிரண்டு வயது. சீர் செய்யும் வேலை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. சிக்கல் முட்டையில். எங்கள் பக்கத்து வழக்கப்படி காலையில் வெறும் வயிற்றில் ஒரு நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக வாயில் உடைத்து ஊற்றி, அதே ஓட்டில் நல்லெண்ணெய் நிரப்பி அதையும் குடிக்க வைப்பார்கள். அப்புறம் உளுந்தங்களி. இடுப்பு எலும்பு பலப்படும், கர்ப்பப்பைக்கு நல்லது, ஒரு நாள்கூட விடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. முட்டையை நான்தான் ஊரில் பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு கூடை நிறையப் பஸ்ஸில் கொண்டுவந்தேன்.

நேற்று கூடத்தில் எல்லாரும் இருக்கும்போது என் மனைவி, "பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்கே அரசாங்கம் தடை போட்டிருக்கிறது, நீங்கள் பிள்ளை வாயில் நேராகவே ஊற்றுகிறீர்களே" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான், அம்மா இன்னும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தடை எல்லாம் ஊசி போட்டு வளர்க்கிற பண்ணைக் கோழிக்குத்தான், மண்ணைக் கிளறித் தின்கிற நாட்டுக்கோழிக்கு எந்தக் கிருமியும் அண்டாது என்கிறார். எதிர்வீட்டுப் பையனுக்கு ஷவர்மா சாப்பிட்ட இரண்டாம் நாள் காய்ச்சல் வந்து டைபாய்டு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அதை வைத்து என் மனைவி முட்டையில் டைபாய்டு வரும் என்கிறாள்.

எனக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். நாட்டுக்கோழி முட்டையில் இந்தச் சால்மோனெல்லா வருமா வராதா? சில முட்டைகளில் எச்சம் ஒட்டியிருக்கிறது, கழுவி வைத்தால் போதுமா? மேலே நல்லெண்ணெய் குடித்தால் கிருமி செத்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா? வீட்டில் அந்தப் பெண்ணின் தம்பி ஒன்றரை வயதுக் குழந்தை, அம்மாவுக்குச் சர்க்கரை நோய், அதையும் சொல்லிவிடுகிறேன்.

மருதாணிக்கை:

அண்ணா, நாங்கள் அக்கா தங்கைகள் எல்லாரும் குடித்து வளர்ந்தவர்கள்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்போம், உடனே ஒரு துண்டு கருப்பட்டி தருவார்கள், அந்தக் கருப்பட்டிக்காகவே வாயைத் திறந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைக்காரன் காலையில் மயோனைஸ் அடித்து இராத்திரி வரைக்கும் வெக்கையில் வைத்து விற்பதும், வீட்டில் ஒரு முட்டையை அப்போதே உடைத்துக் குடிப்பதும் ஒன்றா? எதற்கெடுத்தாலும் பயமுறுத்தினால் கடைசியில் பிள்ளைகள் பாக்கெட்டில் வருவதை மட்டும்தான் சாப்பிடும். அண்ணியிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், ஆனால் வழக்கத்தை விட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

தம்பி, நான் பணிக்காலத்தில் பாதியை நாமக்கல் சுற்றுவட்டாரப் பண்ணைகளிலும் மீதியைக் கிராமத்து மருந்தகங்களிலும் கழித்தவன். அதனால் கூண்டுக்கோழி, புறக்கடைக் கோழி இரண்டின் சங்கதியும் தெரியும். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருதாணி அம்மா சொன்னதில் பாதி சரி. மயோனைஸில் ஒரு கெட்ட முட்டை விழுந்தால் அதோடு சேர்ந்த மற்ற முட்டைகளும் கெட்டுப்போகும், அந்தப் பாத்திரம் வெக்கையில் மணிக்கணக்கில் இருக்கும்போது உள்ளே விழுந்த சில நூறு கிருமி இலட்சக்கணக்காகப் பெருகிவிடும், அதை அன்றைக்கு அந்தக் கடைக்கு வந்த அத்தனை பேரும் சாப்பிடுகிறார்கள். கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபர் கடைசியிலும், நம் அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு என்றும் தடை போட்டதற்கு இதுதான் காரணம். ஒற்றை முட்டையை உடைத்துக் குடிப்பதில் அந்த அளவு ஆபத்து கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் இருபதாயிரம் முட்டைக்கு ஒன்றில் உள்ளே கிருமி இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் அது அந்த நாட்டுப் பண்ணைகளின் கணக்கு, உங்கள் பெரியப்பா வீட்டுக் கூடைக்கு அந்த எண்ணைப் பொருத்த முடியாது.

இனி நாட்டுக்கோழி விஷயம். முட்டைக்குள் கிருமி போக இரண்டு வழி உண்டு. ஒன்று, கோழியின் உள்ளேயே. சால்மோனெல்லா என்டெரிடிடிஸ் என்ற வகை கோழியின் சினைப்பையிலும் முட்டை இறங்கும் குழாயிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடு உருவாவதற்கு முன்பே வெள்ளைக்கருவிலோ மஞ்சள்கரு மேலோ அது சேர்ந்துவிடும். கோழிக்கு ஒரு நோவும் தெரியாது, நன்றாக மேயும், நன்றாக முட்டையிடும். ஆகவே "என் கோழி ஆரோக்கியமாக இருக்கிறது" என்பது இதில் எந்தச் சான்றும் ஆகாது. வெள்ளைக்கழிச்சல் வந்து கோழிகள் சாவதைப் பார்த்திருப்பீர்கள், அது ராணிக்கெட், வைரஸ், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது வழி வெளியிலிருந்து. கோழிக்கு எச்சம் போகவும் முட்டை வரவும் வாசல் ஒன்றுதான். இட்ட முட்டை சூடாகவும் ஈரமாகவும் இருக்கும், ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. முட்டை ஆறும்போது உள்ளிருப்பது சுருங்கும், சுருங்கும்போது வெளியில் ஒட்டியிருப்பதைத் துளை வழியாக உள்ளே இழுக்கும். கூண்டில் இட்ட முட்டை உடனே கம்பிச் சரிவில் உருண்டு முன்னால் வந்துவிடும், எச்சத்தில் அதிக நேரம் கிடக்காது. நாட்டுக்கோழி எங்கே இடுகிறது? பழைய சாக்கு, வைக்கோல், சாம்பல் கொட்டிய கூடை, சில சமயம் விறகு அடுக்குக்குப் பின்னால். அது மண்ணை மட்டுமா கிளறுகிறது, சாக்கடையையும் குப்பைமேட்டையும் கிளறுகிறது, பல்லியைத் தின்கிறது, எலி ஓடிய தவிட்டைத் தின்கிறது. எலியும் பல்லியும் இந்தக் கிருமியைச் சுமக்கிறவை. அதிலும் எலி ஒரு கோழிக்கூட்டில் கிருமியைத் தீரவிடாமல் வைத்திருப்பதில் கெட்டிக்காரன்.

இதைச் சொன்னதும் கூண்டுப் பண்ணைக்கு நான் வக்கீல் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியம் 2004-05இல் முட்டைக்கோழிப் பண்ணைகளில் எடுத்த பெரிய ஆய்வில், கூண்டுப் பண்ணைகளில்தான் சால்மோனெல்லா அதிகம் தென்பட்டது, பெரிய மந்தை என்பதும் அதற்கு ஒரு காரணம். ஒரே கொட்டகையில் ஐம்பதாயிரம் கோழி இருந்தால் நுழைந்த கிருமி லேசில் வெளியே போகாது. ஆக, அது அண்டாத கோழி என்று எந்த ஜாதியும் இல்லை.

கழுவுவது பற்றி: கழுவி எடுத்து வைக்காதீர்கள். பச்சைத் தண்ணீரில் கழுவினால், நான் மேலே சொன்ன அதே இழுப்பு மறுபடி நடக்கும், ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய பூச்சும் போய்விடும். எச்சம் ஒட்டியதை உலர்ந்த துணியால் துடைத்து வைத்து, சமைக்கப் போகும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி உடனே உடையுங்கள். அதிகம் ஒட்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள். எப்படிக் கழுவினாலும் உள்ளே இருப்பது உள்ளேதான் இருக்கும்.

நல்லெண்ணெய் கிருமியைக் கொல்லாது. கொல்லாதது மட்டுமில்லை, கொழுப்போடு சேர்ந்து போகும் கிருமியை வயிற்று அமிலம் எளிதில் அழிக்க முடியாது. சாக்லேட்டிலும் வேர்க்கடலை வெண்ணெயிலும் மிகக் கொஞ்சம் கிருமி இருந்தும் பலபேர் படுத்ததற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். அதற்கும் மேல், முட்டையின் அழுக்குப் பகுதியே ஓடுதான். அதை அளவுக்கிண்ணமாக்கி எண்ணெய் ஊற்றி வாயில் வைத்துக் கொடுக்கிறோமே, இந்த வழக்கத்தில் என்னால் கொஞ்சமும் ஏற்க முடியாதது அதுதான்.

இன்னொன்று. புது முட்டையின் வெள்ளைக்கருவில் லைசோசைம் என்ற பொருளும், இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதமும் இருப்பதால் கிருமி பிழைத்திருந்தாலும் பெருகுவது கடினம். நாள் போகப்போக, நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக, மஞ்சள்கருவைச் சுற்றிய தோல் தளர்ந்து உள்ளிருக்கும் சத்து கசியும், அப்புறம் கிருமிக்குத் தடையில்லை. கூடை நிறைய என்கிறீர்கள். நாட்டுக்கோழி தினமும் இடுகிற ஜென்மம் இல்லை, அந்தக் கூடை சேர எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று பெரியப்பாவையே கேட்டுப் பாருங்கள்.

லீட்ஸ்வாசி:

டாக்டர் ஐயா சொன்னதோடு இங்கே இங்கிலாந்தில் நடந்ததையும் சேர்க்கிறேன், ஏனென்றால் இதைப் பாதி மட்டும் தெரிந்துகொண்டு வாட்ஸ்அப்பில் சுற்ற விடுகிறார்கள். 1988 டிசம்பர் தொடக்கத்தில் எட்வினா கரி என்ற சுகாதாரத் துறை இளநிலை அமைச்சர், இந்த நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியில் சால்மோனெல்லா இருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். முட்டை விற்பனை படுத்தேவிட்டது. பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள், இரண்டு வாரத்துக்குள் அந்த அம்மா பதவி விலக வேண்டியதாயிற்று. பெரும்பகுதி என்றது மிகை. ஆனால் என்டெரிடிடிஸ் அந்த வருடங்களில் இங்கே மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது நிஜம், அதற்கு முட்டையும் கோழிக்கறியும் காரணம் என்பதும் நிஜம். சொல்ல வேண்டியதைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னதற்கு வேலை போனதுதான் மிச்சம், அரசியலில் அது ஒன்றும் புதிதில்லை.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. 1998இலிருந்து முட்டையில் சிவப்புச் சிங்க முத்திரை குத்தும் திட்டத்தில் சேர்ந்த பண்ணைகள் எல்லாக் கோழிக்கும் சால்மோனெல்லா தடுப்பூசி போட வேண்டும், சோதனை செய்ய வேண்டும், எந்தப் பண்ணை முட்டை என்று பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்க முடிய வேண்டும். இருபது வருடத்துக்குள் முட்டை வழியான நோய் அடங்கிவிட்டது. 2017 அக்டோபரில் இங்கத்திய உணவுத் தர முகமை, சிங்க முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வயதானவர்களும்கூடப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிடலாம் என்று அறிவித்தது. என் மனைவி மாசமாக இருந்தபோது ஆஃப் பாயில் சாப்பிட்டதை ஊரில் மாமியாரிடம் சொல்லவே முடியவில்லை, அது தனிக் கதை.

"லண்டனிலேயே பச்சை முட்டை குடிக்கச் சொல்கிறார்கள்" என்று இதை அம்மாவிடம் காட்டிவிடாதீர்கள் தாய்மாமன். அவர்கள் சொன்னது அந்த முத்திரைக்கு மட்டும். தடுப்பூசி போடாத கோழி, எந்தச் சோதனையும் காணாத கூடை, வெயிலில் பஸ்ஸில் வந்த முட்டை, இதற்கு இங்கே உள்ளவர்களும் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்வார்கள். தடுப்பூசி போட்ட பண்ணை முட்டையை உங்கள் அம்மா "ஊசி போட்ட கோழி" என்று ஒதுக்குகிறார், இங்கே அந்த ஊசியால்தான் பச்சையாகச் சாப்பிட முடிகிறது.

குழந்தைகள் வார்டு சிஸ்டர்:

டைபாய்டு பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். டைபாய்டு தரும் சால்மோனெல்லா டைபி மனிதர்களிடம் மட்டும்தான் வாழும். கோழிக்கு இந்த டைபாய்டு வராது, கோழியிடமிருந்து நமக்கும் வராது. அது மனிதக் கழிவு கலந்த தண்ணீர், கை கழுவாமல் பரிமாறுகிறவர் கை, இவற்றின் வழியாக வருவது. ஷவர்மா கடையில் டைபாய்டு தொற்றலாம், ஆனால் அது கோழியின் குற்றமாக இருக்காது. அதோடு, டைபாய்டு கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வர வழக்கமாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். சாப்பிட்ட இரண்டாம் நாளே காய்ச்சல் என்றால் அந்தக் கதை பொருந்தவில்லை. அந்தப் பையனுக்கு வைடால் என்ற இரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்துச் சொன்னார்களா, இரத்தத்தில் கிருமியையே வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் செய்தார்களா என்று கேளுங்கள். வேறு சால்மோனெல்லா வந்தாலும், எப்போதோ டைபாய்டு வந்து போயிருந்தாலும், வைடால் பாசிட்டிவ் காட்டும். நம் ஊரில் அந்த ஒரு சீட்டை வைத்தே பாதிப் பேருக்கு டைபாய்டு என்று எழுதிவிடுகிறார்கள்.

கோழியிலிருந்து வருவது வேறு வகை. சாப்பிட்ட ஆறு மணி நேரத்திலிருந்து ஆறு நாளுக்குள் வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிசைகிற வலி, காய்ச்சல், சிலருக்கு வாந்தி. பெரும்பாலும் நாலு நாளிலிருந்து ஏழு நாளில் தானாகவே சரியாகிவிடும். உப்பு சர்க்கரைக் கரைசல்தான் வைத்தியம். மெடிக்கலில் போய் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள், மற்றபடி நன்றாக இருக்கிற ஆளுக்கு அதனால் சீக்கிரம் குணமாவதில்லை, கிருமி மலத்தில் போகிற காலம்தான் நீளலாம். மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, சிறுநீர் குறைவது, குறையாத காய்ச்சல், இவை இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பன்னிரண்டு வயதுப் பெண்ணைப் பற்றி எனக்கு அவ்வளவு பயமில்லை. வந்தாலும் தாங்கிவிடுவாள். எனக்குப் பயம் அந்த ஒன்றரை வயதுக் குழந்தையும் உங்கள் அம்மாவும்தான். இவர்களுக்கு வந்தால் கிருமி குடலோடு நிற்காமல் இரத்தத்தில் இறங்கிவிடும் வாய்ப்பு அதிகம். முட்டையை இவள் குடிக்கிறாள், நோய் அவர்களுக்குப் போகும்: முட்டை உடைத்த கை, துடைத்த துணி, அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அவள் தூக்கிக் கொஞ்சுகிற தம்பி. வார்டில் இப்படி வருகிற குழந்தைகளின் அம்மாக்கள் "இவனுக்கு முட்டையே கொடுக்கவில்லையே" என்றுதான் சொல்வார்கள்.

அம்மாவிடம் சொல்ல ஒரு நல்ல வாதம் தருகிறேன், கிருமியை விட்டுவிடுங்கள். 1998இல் பெல்ஜியத்தில் அளந்து பார்த்தார்கள்: வேகவைத்த முட்டையின் புரதத்தில் சுமார் 91 சதவீதம் உடம்பில் சேர்கிறது, பச்சையாகக் குடித்தால் சுமார் 51 சதவீதம்தான். பாதி முட்டை வீணாகப் போகிறது. இரும்புச் சத்துக்குத்தான் முட்டை என்றால், முட்டையில் இரும்பு குறைவு, இருப்பதும் சரியாக உறிஞ்சப்படாது. முருங்கைக்கீரையும் ஈரலும் கொடுங்கள், பள்ளியில் தருகிற இரும்பு மாத்திரையையும் விழுங்குகிறாளா என்று பாருங்கள், பாதிப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எறிகிறார்கள்.

விருந்துச் சமையல்:

எல்லாரும் முட்டையிலேயே நிற்கிறீர்கள். சீர் வைக்கிறீர்கள் என்றால் விருந்து உண்டுதானே, கோழி பிரியாணிதானே? ஆபத்து அங்கே இதைவிடப் பெரிசு. முட்டை இருபதாயிரத்தில் ஒன்று என்கிறார் டாக்டர், பச்சைக் கோழிக்கறியில் எல்லாம் அந்த மாதிரிக் கணக்கு கிடையாது, வருகிற கறியில் கிருமி இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நான் கை வைப்பேன். கடையில் போய் நின்று பாருங்கள். ஒரே வெந்நீர் டிரம்மில் காலையிலிருந்து கோழி முங்குகிறது, ஒரே மிஷினில் இறகு போகிறது, ஒரே கட்டையில் குடலும் உருவி கறியும் வெட்டுகிறார்கள். ஒரு கோழியில் இருந்தால் மத்தியானத்துக்குள் பத்துக் கோழியில் இருக்கும். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, கூட்டம் அப்படி.

பிரியாணியில் வெந்த கறியால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, 74 டிகிரி தாண்டினால் சால்மோனெல்லா இல்லை, தம் போட்ட அண்டாவில் அதைவிடச் சூடு. நான் பயப்படுவது தயிர்ப் பச்சடிக்கு. கறி வெட்டிய கத்தியைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி அதே பலகையில் வெங்காயம் நறுக்குகிற ஆள் எல்லாக் குழுவிலும் ஒருத்தன் இருப்பான். அந்த வெங்காயம் அடுப்பைப் பார்க்காமல் இலைக்குப் போகிறது. விருந்துக்குப் பிறகு ஊரே வயிற்றுப்போக்கில் படுத்தால் பழி பிரியாணிக்கு வரும்.

கறி கழுவுவது பற்றியும் சொல்கிறேன். வெளிநாட்டில் கோழியைக் கழுவவே கூடாது என்கிறார்கள். 2019இல் அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்ட ஆய்வில், கழுவியவர்களில் 60 சதவீதம் பேரின் தொட்டியில் கிருமி இருந்தது, தொட்டியைச் சுத்தம் செய்த பிறகும் 14 சதவீதத்தில் இருந்தது. கழுவியவர்களில் 26 சதவீதம் பேரின் சாலட் கீரைக்கும் போய்ச் சேர்ந்தது. இதில் வேடிக்கை, கழுவாதவர்களிலும் 31 சதவீதம் பேர் கீரைக்குக் கிருமியைக் கொண்டுபோய்விட்டார்கள், கை கழுவாததால். ஆகவே கழுவாதே என்று மட்டும் சொல்லி ஒரு பயனும் இல்லை, நம் கடைக் கறியில் இரத்தமும் இறகும் இருக்கிறது, கழுவாமல் போட எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். குழாயைத் திறந்துவிட்டு அடியில் பிடிக்காதீர்கள், தெறிக்கும். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அதற்குள் மெதுவாக அலசி, தண்ணீரை நேராக வடிகாலில் ஊற்றி, பாத்திரத்தையும் தொட்டியையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பக்கத்தில் கழுவிய தட்டு, டம்ளர், கீரை எதுவும் இருக்கக் கூடாது. மஞ்சள் போட்டு அலசுவது வாடைக்கு. அதை நம்பிக் கையைக் கழுவாமல் விட வேண்டாம்.

எங்கள் குழுவில் கறி வெட்டுகிறவர் பச்சடிப் பக்கம் வரவே கூடாது. பச்சடி நறுக்குவது எப்போதும் வேறு ஆள், வேறு மூலை. உங்கள் சமையல்காரரிடம் இதை மட்டும் கேட்டு வாங்குங்கள், மெனுவில் ஒரு ஸ்வீட் குறைந்தாலும் பரவாயில்லை.

கொங்குத் தாய்மாமன்:

எல்லாருக்கும் நன்றி. பெரியப்பாவைக் கேட்டேன் ஐயா, கூடை சேர மூன்று வாரம் ஆனதாம், அதிலும் பாதி பக்கத்துத் தோட்டத்து வீட்டில் வாங்கியது. கோழி யாருடையது என்றே தெரியாத முட்டையைத்தான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

சிஸ்டர் சொன்ன 51 சதவீதக் கணக்கை அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஊரில் யார் வயசுக்கு வந்த பிள்ளைக்குக் களி கிண்டிக் கொடுத்தார்கள்" என்று கேட்டார். ஆனால் பாதி முட்டை வீண் என்ற பேச்சு கொஞ்சம் உள்ளே போயிருக்கிறது, பணம் கொடுத்து வாங்கியது அல்லவா. தங்கை இன்று காலை முட்டையை நல்லெண்ணெயில் உடைத்து ஊற்றி மிளகு போட்டுக் கிளறிக் கொடுத்தாள், பிள்ளை முகம் சுளிக்காமல் சாப்பிட்டது. அம்மா பார்த்துக்கொண்டிருந்தார், வாயைத் திறக்கவில்லை. எண்ணெயும் முட்டையும் இரண்டும் உள்ளே போய்விட்டதே, அதனால் இருக்கலாம்.

இரண்டு சந்தேகம். ஆஃப் பாயிலாகக் கொடுத்தால் அம்மா முழுமனதாக ஒத்துக்கொள்வார் போலிருக்கிறது, அது பரவாயில்லையா? சூடான பாலில் அடித்துக் கொடுத்தால்? அப்புறம் மீதி முட்டையை வீணாக்காமல் ஊரில் அடை வைத்துவிடலாமா?

மருதாணிக்கை:

ஓட்டில் எண்ணெய் ஊற்றுவதை டாக்டர் ஐயா சொன்னபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது, அதை யோசித்ததே இல்லை. ஆனாலும் ஆயிரத்தில் ஒருவருக்கு வருமோ என்னவோ என்பதற்காகக் காலம்காலமாக இருந்ததைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நல்லெண்ணெயில் கிளறுவது சரி, எங்கள் ஆத்தா பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் செய்வார், பூண்டும் தட்டிப் போடுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன், திருவிழாக் கடையில் சாயம் அடித்த கோழிக்குஞ்சு விற்கிறார்களே, என் பேரன் ஒன்றை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு தூங்குகிறான். அதிலுமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

அதிலும்தான் அம்மா. அந்தக் குஞ்சுகள் ஒரே அட்டைப்பெட்டியில் நூற்றுக்கணக்கில் அடைந்து வருபவை, பார்க்கப் பஞ்சு மாதிரி இருந்தாலும் எச்சம் இறகெல்லாம் படிந்திருக்கும். அமெரிக்காவில் 2020இல் வீட்டுக் கோழி, வாத்து இவற்றைத் தொட்டு மட்டும் 1,722 பேருக்குச் சால்மோனெல்லா வந்தது, அதில் கால்வாசிப் பேர் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள். கோழியைக் கொஞ்சாதீர்கள், முத்தம் கொடுக்காதீர்கள் என்று அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையம் அறிவிப்பே போடுகிறது. குஞ்சைக் கூடையில் வெளியே வையுங்கள், பேரன் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவட்டும். சட்டைக்குள் வேண்டாம், சமையலறைக்குள்ளும் வேண்டாம்.

தம்பி, ஆஃப் பாயிலில் மஞ்சள்கரு ஓடுகிறது என்றால் அது வேகவில்லை என்றுதான் அர்த்தம். இந்த முட்டைக்கு அது வேண்டாம், வெள்ளை, மஞ்சள் இரண்டும் கெட்டியாகட்டும். பாலும் அப்படித்தான், டம்ளரில் ஆற்றிய பாலில் முட்டையை விட்டால் அந்தச் சூடு போதாது. அடுப்பில் பால் காயும்போதே விட்டுக் கிளறினால் திரியும், குடிக்க நன்றாக இருக்காது, ஆனால் ஆபத்து இல்லை.

அடை வைக்க இந்தக் கூடை சரிவராது. இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆன முட்டையில் பொரிப்பு குறைந்துகொண்டே வரும், மூன்று வாரம் ஆனதை வைத்தால் கோழிதான் வீணாக உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் வேறு குலுங்கி வந்திருக்கிறது. தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதப்பதை எறிந்துவிட்டு மூழ்குவதை நன்றாக அவித்துக் குழம்பில் போடுங்கள். மிதக்கிறதா மூழ்குகிறதா என்பது முட்டை பழசா புதுசா என்று மட்டும்தான் சொல்லும், கிருமியைச் சொல்லாது. ஊரில் அடை வைக்க வேண்டும் என்றால் பெரியப்பாவை இந்த வாரம் இட்டதை, துடைக்காமல் கழுவாமல், சுத்தமாக இருப்பதாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.